எடுத்த நடவடிக்கை: ஒரு கிளை நூலகத்தின் ஆலோசனைப் பதிவேடு

காவிரிப் படுகையில் ஒரு பேரூராட்சி. கடைத்தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் முனையில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் கிளை நூலகம். அங்கே நான் இரண்டாம் நிலை நூலகராகப் பொறுப்பேற்ற அன்று, முந்தைய நூலகர் சாவிக்கொத்தையும் முத்திரைகளையும் ஒப்படைத்தார். நூலிருப்புப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாகக் கையெழுத்தாயின. கடைசியாக மேசைக் காலில் சணல் கட்டித் தொங்கவிட்டிருந்த நீள நோட்டு ஒன்றைக் காட்டி, "இது ஆலோசனைப் பதிவேடும்மா. ஆய்வுக்கு வந்தா கேப்பாங்க, எடுத்து வச்சுக்குங்க" என்றார்.

மாலையில் கதவைச் சாத்திவிட்டு அதைப் புரட்டினேன். ஐந்து பத்திகள்: வரிசை எண், நாள், வாசகர் பெயரும் உறுப்பினர் எண்ணும், ஆலோசனை, எடுத்த நடவடிக்கை. முதல் நான்கும் நிறைந்திருந்தன. ஐந்தாவது பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. ஏதாவது எழுதியிருந்த இடங்களில் எல்லாம் ஒரே சொல்தான்: "ஆவன செய்யப்படும்."

ஒரே கையெழுத்து மூன்று இடங்களில் இருந்தது. பச்சை மை. "ஜன்னலோர மின்விசிறி ஆடுகிறது, கீழே உட்காரப் பயமாக உள்ளது." இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே மின்விசிறி. மூன்றாவது இடத்தில், "மின்விசிறி பற்றி முன்பே எழுதியுள்ளேன்" என்று மட்டும். அதற்குப் பிறகு பதிவேட்டில் பச்சை மை எங்குமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஓய்வு பெறும் வரை அந்த நூலகத்திலேயே இருந்தேன். ஐந்தாவது பத்தியை நிரப்ப நான் செய்த முயற்சியையும், அதில் சரியாக வந்தவற்றையும், சறுக்கியவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஊர்ப்பெயர் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதியவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நூலகத்தை நம்பி எழுதினார்கள், ஊரறியச் சொல்வதற்காக எழுதவில்லை.

கிளை நூலகரின் கைக்கு எட்டுவது எவ்வளவு

வாசகர் ஒருவர் பதிவேட்டில் "இந்தப் புத்தகம் வாங்குங்கள்" என்று எழுதும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளையே கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்றுதான் நினைக்கிறார். அது இயலாது. என் பணிக்காலத்தில் தமிழ்நாட்டில் நூல் தேர்வு மாநில அளவில் நடந்தது. பதிப்பாளர்கள் விண்ணப்பிப்பார்கள், தேர்வுக்குழு பார்க்கும், பொது நூலக இயக்ககம் வழியாக ஆணை போகும். நூல்கள் மாவட்ட மைய நூலகத்துக்கு வந்து, பிரிந்து, கட்டுக்கட்டாகக் கிளைகளுக்கு வரும். கொல்கத்தாவில் 1972-இல் அமைந்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியில் வரும் நூல்களும் அப்படித்தான். கட்டைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று கிளை நூலகருக்குத் தெரியாது. நாளிதழ், பருவ இதழ்ப் பட்டியலும் மேலிருந்து வருவதுதான்.

ஆனால் பணம் கீழிருந்து போகிறது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்துடையது, 1948-ஆம் ஆண்டு. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. உள்ளாட்சி வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். ஊரில் வீடு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் நூலகத்துக்கு வரி கட்டுகிறார். பலருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும், அதை வாசகரிடம் சொல்லும் விஷயமாக நான் நினைத்ததில்லை. அதைச் சொல்லித் தந்தவர் ஒரு வாசகர். அவரிடம் பிறகு வருகிறேன்.

மின்விசிறியை முதல் வாரமே முடித்தேன். கொக்கி தேய்ந்திருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. பச்சை மையின் மூன்று பதிவுகளுக்கும் எதிரே நாள் போட்டு, "கொக்கி மாற்றப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதினேன். உறுப்பினர் எண்ணைப் பார்த்து அவர் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையும் போட்டேன். பெறுபவர் வீடு மாறிப் போய்விட்டதாக எழுதி அட்டை திரும்பி வந்தது. அதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தேன்.

மோட்டார் காயில் கட்டும் புத்தகம்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்ப்செட் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று. அங்கே வேலை பார்த்த பையன் மாலையில் பேப்பர் படிக்க வருவான். விரலிடுக்கில் வார்னிஷ் கறை போகவே போகாது. அதனால் புத்தகத்தைத் தொடவே தயங்குவான். அவன் ஒருநாள் எழுதினான்: "மோட்டார் காயில் கட்டுவது பற்றித் தமிழில் புத்தகம் வேண்டும். படம் போட்டது."

நூலிருப்பில் தேடினேன். மின்சாரம் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இரண்டு நூல்கள் இருந்தன. "எங்களிடம் இல்லை, மாவட்ட மைய நூலகத்தில் கேட்டிருக்கிறேன்" என்று எழுதினேன். அங்கும் இல்லை. இதையும் எழுதினேன். அவன் வந்து படித்துவிட்டு, "பரவால்ல மேடம், கேட்டுப் பாத்தீங்கள்ல" என்றான். அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்ற பதிலுக்கே ஒருவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தது அன்றுதான்.

வாசகர் வட்டத்தில் ஒருவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காதில் போட்டேன். பயிற்சி மாணவர்கள் படிக்கும் பழைய தமிழ்ப் பாடநூல் ஒன்றை அடுத்த வாரமே கொண்டுவந்தார். அட்டை இல்லை, பைண்டிங் விட்டிருந்தது. காடாத் துணி ஒட்டித் தைத்து, நன்கொடை நூலாக எண் போட்டு, அவனிடம் கொடுத்தேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

புத்தகம் திரும்பி வந்தபோது உள்ளே நோட்டுத்தாள் ஒன்று நான்காக மடித்து இருந்தது. எந்த மோட்டாருக்கு எத்தனை ஸ்லாட், கம்பி என்ன கேஜ், எத்தனை சுற்று என்று பட்டறையில் அவனே கட்டிக் கட்டிக் குறித்துவைத்த கணக்கு. "புத்தகத்தில் இது இல்லை மேடம், அடுத்து எடுக்கறவங்களுக்கு ஆகும்." பின்னட்டையின் உட்பக்கத்தில் உறை ஒட்டி அதைச் செருகி வைத்தேன். சுற்று வட்டாரப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் அந்தத் தாளுக்காகவே வந்து உறுப்பினர் ஆனார்கள்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக ஆனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பயிற்சியில் இதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குப் பிடிபட்டது அந்தத் துணி ஒட்டிய பாடநூலில்தான்.

பேப்பர் மேசையும் போட்டித் தேர்வும்

பதிவேட்டில் அதிகப் பக்கங்களை நிரப்பியது இந்த விவகாரம். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்தால் நூலகம் நிறைந்துவிடும். காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களுக்கு எங்கள் நூல்கள் போதாது. சொந்தப் புத்தகங்களை உள்ளே கொண்டுவர அனுமதி வேண்டும், வெளியே பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு வரச் சொன்னால் எப்படிப் படிப்பது என்று கேட்டு எழுதினார்கள். இன்னொரு பக்கம், முப்பது வருடமாகக் காலையில் பேப்பர் படித்துவந்த பெரியவர்கள். "தேர்வுக்குப் படிப்பவர்கள் நாற்காலிகளை நாள் முழுக்கப் பிடித்துக்கொள்கிறார்கள். நின்றுகொண்டே பேப்பர் படிக்க வேண்டியிருக்கிறது. நடவடிக்கை தேவை" என்று அவர்களும் எழுதினார்கள்.

இரண்டு பதிவும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுமே நியாயம்.

நான் முதலில் செய்தது தவறு. பெரியவர்கள் பக்கம் சாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டினேன். பிள்ளைகளைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "வீட்டில் படிக்க இடம் இருந்தால் இங்கு ஏன் வருகிறோம்? ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். மேடம் கொஞ்சம் யோசிக்கவும்." அவளுடைய எழுத்து குண்டு குண்டாக, வரி பிசகாமல் இருந்தது. "மேடம் கடுமையாகப் பேசுகிறார்" என்று அடியில் வேறு ஒருவர் சேர்த்திருந்தார். அதற்கும் பதில் எழுத வேண்டுமே. "பேசியது உண்மை. திருத்திக்கொள்கிறேன். அறிவிப்பை எடுத்துவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு அதிகாரி தன் மேல் வந்த குறைக்குத் தானே பதில் எழுதுவது சங்கடம்தான். எழுதிய பிறகு பிள்ளைகள் என்னிடம் பேசிய விதமே மாறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பையும் உட்கார வைத்தோம். வாசகர் வட்டத் தலைவர் நடுவில். பேப்பர் படிக்கும் பெரியவர் ஒருவர் முதலில் முறைப்பாகவே இருந்தார். அந்தப் பெண்ணிடம், "ஏம்மா, நீ யாரு வீட்டுப் புள்ளை?" என்று கேட்டார். அவள் அப்பா பெயரைச் சொன்னாள். "அட, அவன் மவளா! என்ன பரீட்சை எழுதற?" அதோடு பாதிச் சண்டை தீர்ந்தது. காலை பத்தரை மணி வரை முன்கூடம் பேப்பர் படிப்பவர்களுக்கு, அதன் பிறகு யார் வேண்டுமானாலும். பின்பக்கம் பழைய இதழ்க் கட்டுகள் அடைந்துகிடந்த அறையைக் காலி செய்து, தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு. கட்டுகளை இறக்கிச் சுத்தம் செய்தவர்கள் அந்தப் பிள்ளைகளேதான்.

சொந்தப் புத்தகத்துக்கு அனுமதி வாங்குவது வேறு கதை. நூலகப் புத்தகம் வெளியே போய்விடும் என்பதுதான் பையும் புத்தகமும் உள்ளே வரக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டுக்குக் காரணம். சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிப்பதற்கென்று தனிப் பகுதியே இருப்பதைச் சுட்டிக்காட்டி, மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதினேன். வாய்மொழியாகத்தான் அனுமதி கிடைத்தது. வாசலில் துண்டுச் சீட்டு: பெயர், உள்ளே கொண்டுவரும் புத்தகங்களின் எண்ணிக்கை. போகும்போது எண்ணிப் பார்த்துச் சீட்டைக் குத்தூசியில் குத்திவிடுவோம். நான் இருந்த வரை இந்த வழியில் ஒரு புத்தகமும் காணாமல் போகவில்லை.

பென்சிலில் எழுதியது

பெயர் இல்லை, எண் இல்லை. பென்சிலில் பொடி எழுத்து. "பெண்கள் இங்கு ஏன் அதிக நேரம் இருப்பதில்லை என்று யாராவது கேட்டதுண்டா? கழிப்பறை இல்லை."

அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா வீட்டுக்குப் போய்வந்து நான் சமாளித்துக்கொண்டிருந்தேன். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒருமுறைகூட அதை மேலிடத்துக்கு எழுதியதில்லை. என் சொந்தக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். வாசகிகளும் அப்படியே நினைத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"உண்மை. எனக்கும் இதே நிலைதான். மாவட்ட நூலக அலுவலருக்கு இன்று எழுதுகிறேன்" என்று பதில் எழுதி, கடிதத்தின் ந.க. எண்ணையும், அதாவது அலுவலகக் கடிதத்துக்கு இடும் பதிவு எண்ணையும், நாளையும் பக்கத்தில் குறித்தேன். அதிலிருந்து இது என் வழக்கமானது. மேலே அனுப்பிய எந்த ஆலோசனைக்கும் எண்ணும் நாளும் பதிவேட்டில் இருக்கும். அனுப்பினேன் என்று சொன்னால் போதாது, என்றைக்கு, எந்த எண்ணில் என்று வாசகர் கேட்க முடியவேண்டும்.

பதில் வந்தது. கட்டடம் பேரூராட்சியுடையது, அவர்கள்தான் கட்டித் தரவேண்டும் என்று. செயல் அலுவலரைப் பார்த்தேன். நூலகம் ஆணைக்குழுவின் பொறுப்பு, நிதி அங்கிருந்து வரட்டும் என்றார். இரண்டு பதிலும் அவரவர் விதிப்படி சரியானவை. கடிதம் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் பதிவேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டினேன். அலுவலகக் கடிதத்தை வாசகர் பார்க்க வைக்கலாமா என்று ஆய்வுக்கு வந்த அலுவலர் கேட்டார். கேட்டவர் வாசகர், பதில் அவருக்கு உரியது என்றேன். அவர் சிறிது நேரம் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

நூலக வரியைச் சொல்லித் தந்த வாசகர் இங்கேதான் வருகிறார். நெல் வியாபாரம் செய்து ஓய்ந்த பெரியவர். ஒட்டியிருந்த கடிதங்களை ஒருநாள் முழுக்கப் படித்தார். மறுநாள் வீட்டு வரி ரசீதை எடுத்துவந்து மேசையில் விரித்து, நூலக வரி என்ற வரியில் விரலை வைத்தார். "ஏம்மா, இது நான் கட்டுன காசு. வருசா வருசம் கட்டுறேன். என் பேத்தி இங்க வந்து உக்கார வழியில்லன்னா இது எதுக்கு?" அந்த ரசீதின் நகலை இணைத்து, வாசகர் வட்டம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தது. நாற்பதுக்கு மேல் பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் நூலகத்தில் பார்த்ததே இல்லை. அதுவே அந்த மனுவின் வலு.

அது ஒரு நாளில் நடக்கும் காரியம் இல்லை என்று தெரிந்ததால் இடைக்கால ஏற்பாடு ஒன்றைத் தேடினோம். பக்கத்துக் கட்டடம் கூட்டுறவுக் கடன் சங்கம். அவர்களிடம் பேசி, பின்புறக் கழிப்பறைக்கு ஒரு மாற்றுச் சாவி வாங்கினோம். தொலைந்துபோகாமல் இருக்க ஒரு சிறு மரக்கட்டையைக் கட்டி, என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். பதிவேட்டிலும் எழுதினேன். பத்து நாளில் அதே பென்சில் எழுத்து மீண்டும் வந்தது. "சாவிக்கு நன்றி. ஆனால் எல்லோர் முன்னும் வந்து கேட்டு வாங்கக் கூச்சமாக இருக்கிறது."

ஆணியைப் பெண்கள் உட்காரும் மேசைக்கு அருகே தூணின் மறுபக்கம் மாற்றினேன். கேட்க வேண்டாம், எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டால் போதும். ஓர் அடி தூரம் ஆணி நகர்ந்ததில் மாலை நேரக் கூட்டம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். ஐந்து மணிக்கே எழுந்து போய்க்கொண்டிருந்தவர்கள் விளக்கணைக்கும் வரை இருந்தார்கள்.

நான்கு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணம் வந்து, பேரூராட்சியே கட்டியது. திறந்த அன்று அந்தப் பழைய பென்சில் பதிவைத் தேடி எடுத்து, எதிரே நாளை எழுதி, "கட்டி முடிந்தது. தண்ணீர் வருகிறது. தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது. வந்து பாருங்கள்" என்று எழுதினேன். யார் எழுதியது என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

வரும் என்று எழுதி வராமல் போனது

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் மாத இதழ் ஒன்றின் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னான். இதழ்ப் பட்டியல் திருத்தப்படும் நேரம் அது. பரிந்துரைத்து அனுப்பினேன், கிடைத்துவிடும் என்று நம்பினேன். அவன் ஆசையைப் பார்த்து, "ஜூன் முதல் வரும்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். ஜூனில் வந்த பட்டியலில் அது இல்லை. அவன் ஜூன் முதல் வாரம் மூன்று நாள் வந்து இதழ் அடுக்கைப் பார்த்துவிட்டுப் போனான். என்னிடம் கேட்கவில்லை. பிறகு வரவில்லை. பள்ளிக்கூட வழியில் ஒருமுறை பார்த்துக் கூப்பிட்டேன், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

"ஆவன செய்யப்படும்" என்று எழுதியவர்களை மனதுக்குள் எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்கூட இந்தப் பிள்ளையை இவ்வளவு ஏமாற்றியிருக்காது. அதற்குப் பிறகு என் கையில் இல்லாத எதற்கும் நான் நாள் குறிக்கவில்லை. அந்த இதழைப் புரவலர் ஒருவரின் உதவியில் அடுத்த ஆண்டு வரவழைத்தேன். அவன் பார்த்தானா என்று தெரியாது.

எடுத்துவிடச் சொன்ன புத்தகம்

வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நடுவே, வேண்டாம் என்று கேட்டவரும் உண்டு. ஊரில் மதிப்புள்ள மனிதர். சமூக வரலாறு பற்றிய நூல் ஒன்றில் தங்கள் சமூகத்தைத் தாழ்த்தி எழுதியிருப்பதாகவும், உடனே அடுக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் இரண்டு பேரை அழைத்துக்கொண்டும் வந்தார்.

நூலகங்கள் இந்த இடத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2014 ஜூலையில் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம், ஒருபால் இணையர் வளர்க்கும் குடும்பங்களையும் காட்டிய மூன்று சிறுவர் நூல்களை வாசகர் புகாரின்பேரில் விலக்கியது. அவற்றைக் கூழாக்கப் போவதாகவும் சொன்னது. ஜூலை 13 அன்று நூலகக் கட்டடத்தின் கூடத்தில் சில நூறு பேர் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்து அந்தப் புத்தகங்களை வாசித்தார்கள். சில நாளில் அமைச்சர் யாக்கோப் இப்ராகிம் தலையிட்டு, இரண்டு நூல்களைப் பெரியவர் பிரிவில் வைக்கச் சொன்னார். மூன்றாவது நூல் அதற்குள் கூழாகிவிட்டிருந்தது. பிரிவு மாற்றி வைத்த புத்தகத்தை நாளைக்குத் திரும்ப எடுத்து வைக்கலாம். கூழானதை வைக்க முடியாது.

வந்தவரை உட்கார வைத்தேன். எந்தப் பக்கம் என்று காட்டச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை, யாரோ சொன்னதுதான். "எடுத்துட்டுப் போய்ப் படிங்க சார், படிச்சுட்டு எந்த வரி தப்புன்னு எழுதிக் குடுங்க, உங்க பதிலையும் புத்தகத்தோட சேத்து வைக்கறேன்" என்றேன். பதிவேட்டில், தேர்வுக்குழு தேர்ந்து அனுப்பிய நூலை நீக்கும் அதிகாரம் கிளைக்கு இல்லை என்பதையும், அவருடைய ஆட்சேபம் இன்ன ந.க. எண்ணில் மேலே அனுப்பப்பட்டது என்பதையும் எழுதினேன். ஒரு மாதம் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கோபம் இருந்தது, ஆனால் பக்க எண்ணோடு. சில இடங்களில் அவர் சொன்னது கவனிக்க வேண்டியதாகவும் இருந்தது. அந்த நான்கு பக்கமும் நூலுக்குள் உறையில் இருக்கின்றன. புத்தகமும் அடுக்கில் இருக்கிறது.

சிறியவை

எல்லா ஆலோசனைக்கும் இவ்வளவு பாடு இல்லை. "படக்கதை புக் எட்டல" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. அடுக்கின் கீழ்த்தட்டுக்கு மாற்ற ஒரு மதியம் போதுமாக இருந்தது. பேப்பர் மேசைக்கு மேலே டியூப்லைட் தள்ளி இருக்கிறது, எழுத்து தெரியவில்லை என்று கண்புரை அறுவை செய்துகொண்டவர் எழுதினார். நகர்த்தினோம். தன் ஊர்க் கோயில் பற்றிய பழைய தலபுராணத்தைத் தேடியவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எடுத்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமையும் திறக்க வேண்டும் என்று மாதம் ஒருவராவது எழுதுவார். வார விடுமுறை அன்றுதான், ஒரே ஆளாக இருப்பதால் மாற்று இல்லை என்று ஒவ்வொரு முறையும் முழு வரியாகவே எழுதினேன். முன் பக்கத்தைப் பார்க்கவும் என்று எழுதுவது சுலபம். ஆனால் அவர் கேட்பது அவருக்கு முதல் முறை.

தொலைவிலிருக்கும் கிராமத்தார் சிலர், பஸ் இல்லாத நாளில் எப்படி வருவது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். எங்களிடம் அதற்கு வழி இல்லை. இதே படுகையில், மன்னார்குடி வட்டாரத்தில், 1931-இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஏற்பாடு செய்தார். அந்த வண்டியின் படத்தை நூலகச் சுவரில் மாட்டியிருந்தேன். அந்தப் பதிவுகளுக்கு நான் எழுதிய பதில், "தற்போது இயலவில்லை. நடமாடும் நூலகம் கேட்டு எழுதியுள்ளேன்." அவை இன்னும் முடியாதவை.

ஓய்வு பெற்ற நாளில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைத் தயாரித்தேன். அச்சிட்ட படிவத்தில் நூல்கள், தளவாடங்கள், சாவிகள், ரசீதுப் புத்தகங்கள், முத்திரைகள் எல்லாம் இருந்தன. ஆலோசனைப் பதிவேடு அதில் இல்லை. கடைசி வரிக்குக் கீழே கையால் ஒரு வரி சேர்த்தேன்: "ஆலோசனைப் பதிவேடு, மூன்று தொகுதிகள். நடவடிக்கை முடியாத பதிவுகளின் எண்கள் பின்பக்கத்தில்." புதிதாக வந்த தம்பி பின்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வோர் எண்ணையும் பதிவேட்டில் எடுத்துப் பார்த்தார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. பிறகு, "இந்த வண்டி விஷயம் எந்தத் தேதியில எழுதுனீங்க மேடம்? ந.க. நம்பர் தெளிவா இல்ல" என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.